வேலை தொடங்குமுன் கேட்க வேண்டிய தாள்கள்: நெல்லைச் சீமையில் அரசு ஒப்பந்தங்களைக் கண்காணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் ஒரு சாலை சரியில்லை என்ற பேச்சு பெரும்பாலும் ஐப்பசி மழைக்குப் பிறகுதான் எழுகிறது. தார் பெயர்ந்து ஜல்லி வெளியே தெரியும்போது படம் எடுக்கிறோம், மனு எழுதுகிறோம், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை வரிசையில் நிற்கிறோம். அதற்குள் அளவுகள் பதிவாகி, பில் பாஸாகி, தொகை கைமாறி முடிந்திருக்கும். அந்த மனுக்களில் பெரும்பாலானவை ஒப்பந்ததாரர் மேல் எழுதப்பட்டவை. ஆனால் போட்டி கெட்டுப்போவது தார் ஊற்றும் நாளில் அன்று. யார் ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) போடலாம் என்ற நிபந்தனையை ஓர் அலுவலகம் தட்டச்சு செய்யும் நாளில். ஆகவே இந்த வழிகாட்டி, வேலைக்குப் பிந்தைய காலத்தைவிட வேலை ஆணைக்கு முந்தைய சில வாரங்களுக்கே அதிக இடம் கொடுக்கிறது.

முதற்படி: பணி யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே தெருவில் சாலை மாநகராட்சியுடையதாகவும், அதை வெட்டிப் புதைத்த குழாய் குடிநீர் வடிகால் வாரியத்துடையதாகவும், தெரு முடிவில் ஓடும் கால்வாய் நீர்வளத் துறையுடையதாகவும் இருக்கலாம். 1994-இல் உருவான திருநெல்வேலி மாநகராட்சி 55 வார்டுகளையும் நான்கு மண்டலங்களையும் கொண்டது. மேலப்பாளையத்தில் ஒரு வடிகால் பற்றிக் கேட்பவர் அந்த மண்டல அலுவலகத்திலிருந்து தொடங்க வேண்டும். கிராமத்தில் ஊராட்சியின் பணியா, ஒன்றியத்தின் பணியா, ஊரக வளர்ச்சி முகமையின் நிதியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தவறான அலுவலகத்துக்கு எழுதினால் மனு மேசை மாறி மேசை போவதிலேயே இரண்டு வாரம் கரைந்துவிடும்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதையும் இந்த இடத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். மாநிலத் துறைகள், வாரியங்கள், உள்ளாட்சி அமைப்புகள் ஆகியவற்றின் கொள்முதலுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கான தமிழ்நாட்டுச் சட்டம், 1998-ம், அதன் கீழான 2000-ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை போன்ற மத்திய அரசுப் பணிகள் இச்சட்டத்தின் கீழ் வருவதில்லை. இனி வருபவை பெரும்பாலும் மாநிலச் சட்டத்தை ஒட்டியவை.

இரண்டாம் படி: தாள்களின் வரிசையை மனத்தில் நிறுத்துங்கள்

எந்தப் பணியும் மதிப்பீட்டில், அதாவது எஸ்டிமேட்டில் தொடங்குகிறது. அதற்கு நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் கிடைத்த பின் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வெளியாகும். பின்னர் ஆவணத் தொகுப்பு, வந்த ஒப்பந்தப்புள்ளிகள், திறந்த நாளின் பதிவு, விலை ஒப்பீட்டுப் பட்டியல், ஏற்பு ஆணை, ஒப்பந்தப் பத்திரம், வேலை ஆணை, எம்-புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகம், பில் என்று வரிசை நீளும். இந்த வரிசையில் ஒரு தாள் இல்லை என்றாலோ, ஒன்றின் தேதி மற்றதற்கு முன்பின்னாக இருந்தாலோ, அந்த இடத்தில்தான் கேள்வியைத் தொடங்க வேண்டும். வேலை ஆணையின் தேதிக்கு முன்பே ஜல்லி இறங்கியிருந்தால் அதைக் கைபேசியில் தேதியோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அந்த ஒரு படம் பத்துப் பக்க மனுவுக்குச் சமம்.

மூன்றாம் படி: அறிவிப்பின் நாட்களை எண்ணுங்கள்

ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு உரிய ஒப்பந்தப்புள்ளி இதழில் வெளிவந்தாக வேண்டும். மாவட்ட அளவில் ஒன்றும் மாநில அளவில் ஒன்றும் இருக்கின்றன. அரசின் மின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் துறைவாரியாகவும் தேடலாம். இதழில் வெளிவந்த நாளுக்கும் ஒப்பந்தப்புள்ளி சேர வேண்டிய கடைசி நாளுக்கும் இடையில், 2 கோடி ரூபாய் வரையுள்ள பணிக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்களும் தர வேண்டும் என்பது விதி. நாட்களைக் குறைக்க முடியாது என்பதில்லை. ஆனால் அழைக்கும் அதிகாரிக்கு மேலான அதிகாரி, காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதித்திருக்க வேண்டும்.

‘குறுகிய கால ஒப்பந்தப்புள்ளி’ என்ற தலைப்பைக் கண்டால் உங்கள் கேள்வி ஒரே ஒரு வரிதான்: காரணம் எழுதிய அந்தக் குறிப்பின் நகல் வேண்டும். ஆண்டுதோறும் சித்திரையில் தூர்வார வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்த கால்வாய்க்கு ஏழு நாள் அறிவிப்பு எதற்கு என்ற கேள்விக்கு நேர்மையான பதில் அரிதாகவே இருக்கும். கன்னடியன் கால்வாயும் கோடகன் கால்வாயும் நேற்று வந்தவை அல்ல. கார் சாகுபடிக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்பதும் அலுவலகத்துக்குப் புதிய செய்தி அல்ல.

நான்காம் படி: நிபந்தனைகளைப் படியுங்கள்

என் மட்டில் இதுதான் முழு வேலையின் பாதி. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை இலவசமாக இறக்கிப் படிக்கலாம், படிப்பவர்தான் இல்லை. யாரோ ஒருவருக்கென்று தைத்த சட்டையைப் போன்ற நிபந்தனைகள் பெரும்பாலும் தகுதிப் பகுதியில் ஒளிந்திருக்கும்.

அனுபவம் கேட்பது தவறில்லை. எவ்வளவு கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கடந்த 7 ஆண்டுகளில் மதிப்பீட்டில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மூன்று ஒத்த பணிகளோ, 50 விழுக்காட்டுக்குக் குறையாத இரண்டோ, 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஒன்றோ முடித்திருந்தால் போதும்; மூன்று ஆண்டுச் சராசரி விற்றுமுதல், பணி மதிப்பீட்டில் 30 விழுக்காடு இருந்தால் போதும். மாநிலத் துறைகளை இது கட்டுப்படுத்தாது. ஆனாலும் 50 லட்ச ரூபாய்ப் பணிக்கு 2 கோடி ரூபாய்க்கு ஒரே பணியை முடித்த அனுபவம் கேட்டால், அந்த அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக் கேள்வி எழுப்பலாம்.

இடம் சார்ந்த நிபந்தனைகளைத் தனியே கவனியுங்கள். தார்க் கலவை ஆலை இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. கலவை சூடு ஆறாமல் பணியிடம் வந்து சேர வேண்டும். ஆனால் அந்தச் சுற்றளவுக்குள் ஒரே ஓர் ஆலைதான் இருக்கிறது என்றால், தொழில்நுட்பம் போட்டியை விழுங்கிவிட்டது என்று பொருள். ஆலையைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டுமா, வாடகை ஒப்பந்தம் போதுமா என்ற ஒரு சொல் வேறுபாட்டில் ஐந்து பேர் உள்ளே வரலாம், அல்லது நான்கு பேர் வெளியே போகலாம்.

இவை எல்லாவற்றையும்விடச் சூழ்ச்சியானது, பணியிடத்தைப் பார்வையிட்டதாகப் பொறியாளரிடம் சான்று வாங்கி இணைக்க வேண்டும் என்ற நிபந்தனை. படிக்கும்போது நியாயமாகத் தோன்றும். ஆனால் சான்றுக்கு வரும் ஒவ்வொருவரின் பெயரும் அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. யார் போடப்போகிறார் என்பது தெரிந்த பின் ‘பேசி முடிப்பது’ எளிது. இணையவழி ஒப்பந்தப்புள்ளி கொண்டுவந்ததே இந்த முகம் பார்க்கும் வேலையை ஒழிக்கத்தான். முன்வாசலை அடைத்துவிட்டுப் புறவாசலைத் திறந்து வைப்பது போன்றது இது.

ஐயம் இருந்தால் கடைசி நாளுக்கு முன்பே, ஒப்பந்தப்புள்ளி அழைத்த அதிகாரிக்கும் அவருக்கு மேலானவருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். திருத்த அறிவிப்பு வெளியிட அவர்களுக்கு அந்தக் கட்டத்தில்தான் வாய்ப்பு இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி திறந்த பின் அதைச் செய்ய முடியாது.

ஐந்தாம் படி: வந்த ஒப்பந்தப்புள்ளிகளை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள்

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் வடிகால் பணி ஒன்றின் கோப்பை, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நேரில் பார்வையிட ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் போட்டியிட்டிருந்தார்கள். மூவரின் விலையும் மதிப்பீட்டைவிட அதிகம்: 4.85, 4.95, 5.05 விழுக்காடு. அது தற்செயலாக இருக்கலாம் என்று பக்கத்தைத் திருப்பினேன். மூன்று உறுதிமொழிக் கடிதங்களிலும் ‘கான்கிரீட்’ என்ற சொல் ‘கான்கீரிட்’ என்றே தட்டச்சாகியிருந்தது. ஒப்பந்தப்புள்ளியோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகைக்கான மூன்று வரைவோலைகளும் ஒரே வங்கிக் கிளையில், அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருந்தன. வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் நின்ற ஒப்பந்ததாரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எல்லாம் மொதல்லயே பேசி முடிச்சாச்சு, அண்ணாச்சி. நீங்க அந்தப் பேப்பர வாங்கி என்ன செய்யப் போறிய?”

பேசி முடிப்பது என்று நம் பக்கத்தில் சாதாரணமாகச் சொல்லப்படுவது, 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் கூட்டுச் சதி ஒப்பந்தப்புள்ளி என்ற குற்றச்சாட்டாக நிற்கிறது. நிரூபணமானால் அந்தக் கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டின் லாபத்தைப்போல் மூன்று மடங்கு வரை, அல்லது விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை, எது அதிகமோ அதை இந்தியப் போட்டி ஆணையம் தண்டத்தொகையாக விதிக்கலாம். கூட்டில் இருந்தவரே முதலில் வந்து முழு உண்மையையும் சொன்னால் 46-ஆம் பிரிவின்படி தண்டத்தொகை குறையும். நடைமுறையில் ஒரு சிறு ஊராட்சி வடிகாலுக்கு டெல்லிவரை போவது யாராலும் முடிகிற காரியமில்லை. ஆனால் ஒரே மூன்று பெயர்கள் ஒரு வட்டாரம் முழுவதும், ஆண்டுக் கணக்கில், முறை வைத்து வெல்வதை அட்டவணையாகத் தொகுத்துவிட்டால் செய்தி வேறாகிவிடும்.

பார்க்க வேண்டியவை இவ்வளவே: தோற்றவர் அடுத்த பணியில் வெல்கிறாரா; வென்றவர் தோற்றவருக்கே துணை ஒப்பந்தம் கொடுக்கிறாரா; கடைசி நேரத்தில் தகுதியான ஒருவர் ஒப்பந்தப்புள்ளியைத் திரும்பப் பெற்றாரா; அற்பக் காரணத்துக்காக யாருடையதாவது தள்ளப்பட்டதா. ஏற்கப்பட்டவரின் பெயர், முகவரியோடு மற்றவர்களுடையது தள்ளப்பட்ட காரணத்தையும் ஒப்பந்தப்புள்ளி இதழுக்கு அனுப்ப வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் காரணத்தை வாங்கிப் படியுங்கள். கையொப்பம் ஒரு பக்கத்தில் விட்டுப்போயிற்று என்று ஒருவரைத் தள்ளிவிட்டு, அதே குறையுள்ள இன்னொருவரை ஏற்றிருந்தால், அதுவே வழக்குக்குப் போதுமான விதை. தான் வகுத்த தகுதியைத் தானே மீற அரசுக்கு உரிமை இல்லை என்று 1979-லேயே ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆறாம் படி: அரசியல்வாதியின் பெயரைத் தேட வேண்டிய இடம்

சட்டமன்ற உறுப்பினர், அரசோடு நடப்பிலுள்ள ஒப்பந்தம் வைத்திருந்தால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவின்படி பதவி இழக்க நேரிடும். ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்களுக்கும் தம் மன்றத்தின் ஒப்பந்தத்தில் தன்னலம் இருந்தால் தகுதியிழப்பு உண்டு. ஆனால் யாரும் தம் பெயரிலேயே ஒப்பந்தம் எடுக்கும் அளவுக்கு வெகுளிகள் அல்லர். மைத்துனர் பெயரிலும் சம்பந்தி பெயரிலும் ஓடும் நிறுவனத்தை 9ஏ தொடுவதில்லை.

இந்த ஓட்டையை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்லாமல், அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என்று உறவுமுறை சொல்லி வரிசையாக விலக்குகின்றன. நம் மானூர்க் கல்வெட்டு அதற்கும் ஒரு நூற்றாண்டு முந்தியது. அதுவும் சபையில் யார் உட்காரலாம் என்றுதான் பேசுகிறது.

இன்றைக்குப் பயன்படும் கருவி வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரம், அதாவது படிவம் 26. 2018-இல் லோக் பிரஹரி வழக்குத் தீர்ப்புக்குப் பின் திருத்தப்பட்ட இப்படிவத்தில், வேட்பாளர் மட்டுமல்லாமல் அவருடைய வாழ்க்கைத் துணை, சார்ந்திருப்போர், அவர்கள் பங்குள்ள நிறுவனங்கள் ஆகியோர் அரசோடு செய்துள்ள ஒப்பந்தங்களையும் சொல்ல வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அது பொதுப்பார்வைக்கு இருக்கிறது. அதில் கண்ட நிறுவனப் பெயர்களையும் ஒப்பந்தம் வென்றவர்களின் பட்டியலையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பெயர் பொருந்துவது மட்டுமே குற்றம் ஆகாது என்பதை மறவாதீர்கள். ஒருவர் உறவினராக இருந்தும் நேர்மையான போட்டியில் வென்றிருக்கலாம். ஐந்தாம் படியில் கண்ட அடையாளங்களோடு சேரும்போதுதான் அந்தப் பொருத்தத்துக்கு எடை வருகிறது.

ஏழாம் படி: தகவல் கேட்கும் முறை

10 ரூபாய்க் கட்டணத்தோடு எழுதும் தகவல் உரிமை மனுவில் ‘முறைகேடு நடந்ததா?’ என்று கேட்காதீர்கள். அதற்குத் தகவல் அலுவலர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். “பணியின் பெயர் இன்னது, வார்டு இன்னது, ஆண்டு இன்னது, இதற்கான தொழில்நுட்ப அனுமதி, விலை ஒப்பீட்டுப் பட்டியல், நிராகரிப்புக் குறிப்பு, முன்வைப்புத் தொகை ஆவணங்கள், எம்-புக் பக்கங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும், கோப்பை நேரில் பார்வையிடவும் நாள் குறித்துத் தரவும்” என்று எழுதினால் தப்புவதற்கு இடமில்லை. முதலில் பார்வையிட்டுவிட்டு வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் நகல் கேட்பது செலவையும் குறைக்கும். சட்டத்தின் 2(ஜே) பிரிவு, பணியைப் பார்வையிடவும் பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் உரிமை தருகிறது. சாலையின் மாதிரியைக்கூடக் கேட்கலாம்.

30 நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. வணிக இரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுப்பது வழக்கம். ஒப்பந்தம் முடிவாகிவிட்ட பின் வென்ற விலையில் இரகசியம் ஏதும் இல்லை என்றும், பொதுநலன் மேலோங்கினால் அதே பிரிவே வெளியிட வழி செய்கிறது என்றும் மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

பணி நடக்கும்போது

இங்கே சுருக்கமாகவே சொல்லலாம். பெயர்ப் பலகையைப் படம் பிடியுங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய அடுக்கு போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார்; வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை வேலைக்கு முன்பும் பின்பும் நாடா வைத்து அளந்தால் அது நடந்ததா என்பது தெரிந்துவிடும்.

வெள்ளக் காலத்து விதிவிலக்கு

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரையெங்கும் குளங்கள் உடைந்ததை இந்தச் சீமை மறக்காது. உடைந்த கரைக்கு 15 நாள் அறிவிப்பு விட முடியாது. அரசு அறிவிக்கும் இயற்கைப் பேரிடர்க் காலத்தில் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அந்த விலக்கு நியாயமானது. ஆனால் அது மணல்மூட்டை அடுக்கும் வேலைக்கானது. ஆறு மாதம் கழித்துக் கட்டும் நிலையான சுவருக்கும் அதே காரணத்தை நீட்டுவதுதான் சிக்கல். ஆகவே மூன்று தேதிகளைக் கேளுங்கள்: பேரிடர் அறிவிப்பின் தேதி, பணி ஒப்படைத்த தேதி, முடித்த தேதி.

புகாரை எங்கே, எப்போது கொண்டுபோவது

போட்டியிட்டுத் தோற்ற ஒப்பந்ததாரருக்கு 11-ஆம் பிரிவின்படி அரசிடம் மேல்முறையீடு உண்டு. ஆணை கைக்கு வந்த 10 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். இந்த உரிமை பொதுமக்களுக்கு இல்லை. அதனால் தள்ளப்பட்ட ஒப்பந்ததாரர் ஒருவர் துணிந்து முன்வந்தால் அவருக்கு ஆதாரம் கொடுத்து உதவுவது, ஊர்க்காரர்கள் தனியே எழுதும் மனுவைவிடப் பயன் தரும். ஆனால் அடுத்த பில் நின்றுவிடுமே என்ற அச்சம் அவருக்கு இருக்கும். அது பொய்யான அச்சமும் அன்று.

லஞ்சம் கைமாறியதற்கு ஆதாரம் இருந்தால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை. உள்ளாட்சி அமைப்பின் முறைகேடு என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான உள்ளாட்சி முறைமன்ற நடுவம். அமைச்சர்கள் உள்ளிட்ட பொது ஊழியர்களைப் பற்றியது என்றால் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான லோக் ஆயுக்தா. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்ந்த 17ஏ பிரிவின்படி, அலுவல் முடிவுகள் குறித்து விசாரிக்க முன் அனுமதி தேவை என்பதால் தாமதம் நேரும். கிராமமென்றால் ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபை இருக்கிறது. கேள்வியை வாயால் கேட்பதோடு நில்லாமல், தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மதுரைக் கிளை 2004 முதல் இருப்பதால் உயர் நீதிமன்றம் இன்று நமக்கு ஒரு பேருந்துத் தொலைவில்தான். ஆனால் டாடா செல்லுலார் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, நீதிமன்றம் முடிவு சரியா என்று பார்ப்பதில்லை. முடிவெடுத்த முறை சரியா என்றே பார்க்கும். வேலை தொடங்கிய பின் தடை கிடைப்பதும் அரிது. உள்கட்டமைப்புப் பணிகளைத் தாமதப்படுத்தும் தடையாணையை 2018-இல் திருத்தப்பட்ட குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் (Specific Relief Act) கட்டுப்படுத்துகிறது.

அந்த வடிகால் கோப்பின் நகல்கள் என் கைக்கு வந்து சேர 41 நாட்கள் ஆயின. அதற்குள் வடிகால் மூடி போட்டு முடிந்திருந்தது. மறு ஆண்டு அதே ஊரில் சாலைப் பணிக்கு அறிவிப்பு வந்த மூன்றாம் நாளே, பணியிடப் பார்வைச் சான்று நிபந்தனையை மட்டும் குறிப்பிட்டு ஊர்க்காரர்கள் ஏழு பேர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒன்பதாம் நாள் திருத்த அறிவிப்பு வெளியாகி அந்த நிபந்தனை நீங்கியது. அந்த முறை ஆறு பேர் ஒப்பந்தப்புள்ளி போட்டார்கள். அவர்களில் நால்வரின் பெயர் அந்த ஊருக்குப் புதிது.